எந்தக் கம்பெனி?

கம்பெனி வாசலை விட்டு நானும் மாமாவும் நடந்துகொண்டிருந்தோம். என் கையில் அப்பாவின் சாப்பாட்டுப் பை இருந்தது. காலையில் அம்மா கட்டிக்கொடுத்த சாதம், யாரும் தொடாததால், அப்படியே கனத்தது. மாமா என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் போனார். வேலை கிடைத்த ஒரு மனிதர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். தொழிற்பேட்டையில் பயோடேட்டா கொடுக்காத கம்பெனி இல்லை. வாட்ச்மேன்கள் அதை மரியாதையாக வாங்கி, அதன் மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டார்கள். படித்தவனுக்கு வேலை தேடி வரும் என்று மாமா நம்பினார். எங்கள் தெருவில் எவருக்கும் அப்படி வந்ததில்லை. எங்கள் தெருவுக்கு வேலை ஆம்புலன்ஸில் வந்தது.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். தொழிற்பேட்டைப் பக்கம் ஆம்புலன்ஸ் திரும்பினால், சும்மா இருக்கும் ஆண்கள் லுங்கியை அவிழ்த்துப் போட்டுவிட்டு பேன்ட்டை மாட்டுவார்கள். அடிபட்டது யார் என்று கேட்கமாட்டார்கள். எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பார்கள். ஒருவன் விழுந்தால் மேஸ்திரி உடனே வேறு ஆளை நிறுத்தியாக வேண்டும். வாசலில் நிற்பவனுக்கு அந்த இடம். இதில் யாருக்கும் யார் மேலும் கோபம் கிடையாது. பிறகு அவர்களே ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அடிபட்டவனைப் பார்க்கப் போவார்கள்.

மாமா மட்டும் போகமாட்டார். "வாய்க்கரிசி பொறுக்கற பொழப்பு" என்பார்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. அம்மா இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போயிருந்தாள். நடுப்பகலில் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா ஃபிட்டரு, இன்னிக்கும் ஊட்லயே குந்திகினு இருக்கப் போறியா? அக்கா புருஷன் சோறு அவ்ளோ ருசியா கீதா?"

மாமா எழுந்தார். உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்தார். என்னைத் தனியே விட முடியாமல் கூடவே கூட்டிக்கொண்டு நடந்தார். "உங்கம்மா கைல சொல்லிடாதடா" என்றார்.

இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனி வாசலில் கூட்டம் நின்றது. அப்பா வேலை பார்த்த கம்பெனிதான் அது. ஆனாலும் எங்கள் இருவருக்கும் பகீரென்று ஆகவில்லை. யார் என்று கேட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மாமாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட இருந்தது, சிபாரிசுக்கு உள்ளேயே ஆள் இருக்கிறாரே என்று.

மேஸ்திரி வெளியே வந்து, "உருட்டுற எடத்துல யாரு நிப்பீங்க?" என்று கேட்டதும், எல்லோருக்கும் முன்னால் மாமா கையைத் தூக்கினார். "ஐடிஐ ஃபிட்டர் சார். எங்க அக்கா ஊட்டுக்காரர் இங்கதான் கீறாரு. அவரையே கேட்டுப் பாருங்க." அப்பாவின் பெயரைச் சொன்னார்.

மேஸ்திரி மாமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாட்ச்மேனிடம் கையைக் காட்டினார். அவர் உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, கைப்பிடி அறுந்த இடத்தில் அம்மா நீல நூலால் தைத்த பை.

"இந்தா, நீயே எடுத்துக்கினு போ. அவரத்தான் வண்டில ஏத்திகினு போனாங்கோ" என்றார் மேஸ்திரி.

மேஸ்திரியின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. தூக்கிய கையை மாமா இன்னும் இறக்கவில்லை. அதை இறக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஆனால் நான் பையைத்தான் வாங்கிக்கொண்டேன்.

"காலுதான் நைனா, உசுருக்கு ஒண்ணும் இல்ல. நாளிக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடு. வேணான்னா இப்பவே சொல்லு, பின்னாடி எத்தினி பேர் நிக்கறான் பாரு."

மாமா கையை இறக்கி, மேஸ்திரியைப் பார்க்காமலே திரும்பி நடந்தார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் வலது கால் முழங்கால் வரை கட்டுக்குள் இருந்தது. அம்மா எங்களுக்கு முன்பே வந்து, இறால் வாடை அடிக்கும் கைகளோடு கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கண்ணைத் திறந்தார். காலைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எம் எடத்துக்கு யார் வந்தாங்கோ?" என்றார்.

மாமா சுவரைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன்: "மாமாதான். மொதல்ல கை தூக்குச்சு."

அம்மா மாமாவை அறைவாள் என்று காத்திருந்தேன். அவள் கட்டிலை விடவில்லை. அப்பா நீளமாக மூச்சு விட்டார். "நல்லதாப் போச்சு. வேற எவனாச்சும் பூந்துகினா, அப்பால புடுங்க முடியாது."

"நான் போமாட்டேன் மச்சான்" என்று அப்பாவிடம் மாமா அழுதார். "எனுக்கு அந்த வேல வேணாம்."

"வேணாமா? நான் மட்டும் இன்னா, பேப்பர்ல பாத்தா வந்தேன்? எனுக்கு முன்னால அங்க நின்னவன் கை போய்தான்டா நான் வந்தேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் கேட்டாள். "காலைல எத்தினி மணிக்குடா வரச் சொன்னான்?"

மூன்று பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்பாவின் இடத்தை மாமா திருடிவிட்டார், திருட்டுக் கொடுத்தவர்களே அவரைத் தட்டிக்கொடுக்கிறார்கள். அன்றிலிருந்து வெகு நாள் மாமாவோடு பேசவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டு, மீஞ்சூர், அத்திப்பட்டு என்று ஒரு வாசலிலும் நிலைக்காமல் நானே அலையத் தொடங்கிய பிறகு, என்னை எடுத்துக்கொண்ட எந்த இடத்திலும் முன்னால் நின்றவன் யார் என்று நான் விசாரித்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் மாமா வேலைக்குப் போனார். பழுத்துச் சிவந்து வரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடும் வேலை. ஃபிட்டர் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மெஷினை ஓட்டுவதற்கு முன், மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் கொடுத்து, அப்பா அடிபட்ட இடத்தைக் கழுவச் சொன்னாராம். இதை மாமா பல வருடம் கழித்துத்தான் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கம்பெனி வேலை என்றால் கை அப்படித்தான் அழுக்காகும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.