அம்மா விழாவுக்கு வந்த நாள்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் சேவை அணிக்கு நான்தான் தலைவி. அணியின் முக்கிய வேலை ரத்தம் சேர்ப்பது. சிவகாசிப் பக்கம் எங்கே வெடிவிபத்து நடந்தாலும் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வரும். வகுப்பின் நடுவில் எழுந்து வெளியே போய் ஒவ்வொருவராக அழைப்பேன். பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தீக்காய வார்டுக்குப் போய், கையில் கட்டுப் போட்டவர்களுக்குக் கஞ்சி ஊட்டுவோம். மறுவாரம் போகும்போது சில கட்டில்களில் வேறு ஆட்கள் இருப்பார்கள். முந்தைய ஆள் எங்கே என்று கேட்பதை நாளாவட்டத்தில் விட்டுவிட்டோம்.

இதற்காகத்தான் பல்கலைக்கழகம் எனக்குச் சிறந்த மாணவத் தொண்டர் விருது அறிவித்தது.

ஏழாயிரம்பண்ணையில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் ரூமில் வேலை பார்த்தாள். விழாவுக்கு வர லீவு கேட்டபோது போர்மேன், "சீசன் நேரம்க்கா, ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. பதிலுக்கு ஒரு ஆளை விட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டு அத்தையும் அதே கம்பெனிதான். ஆனால் அவர் தள்ளியிருந்த ஷெட்டில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுபவர். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டு, வாசலில் நின்றபடியே சிரித்தார்.

"ஒரு நாளுதான மதினி, உங்க ரூம்ல நான் உக்காந்துக்கிறேன். பிள்ளை மேடையேறுறப்ப நீங்க இல்லாம எப்படி? போயிட்டு வாங்க." என்னிடம் திரும்பி, "ஏ பிள்ள, வாங்குன கையோட போட்டோ அனுப்பிரு" என்றார்.

அரங்கில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் பெயரைக் கூப்பிட்டு, நான் செய்ததையெல்லாம் வாசித்தார்கள். அம்மா கைதட்டவில்லை; இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து.

"ஏழாயிரம்பண்ணை பக்கம் விபத்தும்மா. ரத்தம் தேவைப்படும்போலத் தெரியுது. ஆளுகளத் தயாராச் சொல்லிருங்க."

வழக்கம்போல அழைக்க ஆரம்பித்தேன். இரண்டாவது ஆளிடம் பேசும்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எந்தக் கம்பெனின்னு கேளு."

ஆஸ்பத்திரிக்குத் திரும்ப அடித்துக் கேட்டேன். அவர் சொன்னது அம்மாவின் கம்பெனிப் பெயர். என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"எந்த ரூமுன்னு கேளு."

அது அவருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அத்தையின் போனுக்கு அடித்தேன். மணி போகவே இல்லை. நடுநடுவே ரத்தம் கொடுப்பவர்களையும் அழைத்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வார்டு வாசலில் எங்கள் அணிப் பையன்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றிருந்தார்கள். என்னை நன்றாகத் தெரிந்த நர்ஸ் அக்கா தோளைத் தொட்டு, "இவங்களப் போகச் சொல்லும்மா. ரத்தம் வேண்டாம். மருந்து அடைக்கிற ரூம்ல இருந்தவங்க யாரும் வார்டுக்கு வரல" என்றார்.

பிணவறைச் சுவரோரம் அத்தையின் கணவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மதினி" என்றார். அம்மா அவர் முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "விழா நல்லா நடந்துச்சாம்மா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அத்தை அதையே பேசிக்கொண்டிருந்திருப்பார். அந்த நினைப்பில் கேட்டுவிட்டார். குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நடந்துச்சு மாமா" என்றேன்.

அதன்பிறகு நான் அணிக்குப் போகவில்லை. படிப்பை முடித்துத் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்லூரியிலிருந்து பேச அழைத்தார்கள், ஜூனியர்களுக்கு ஊக்கமாக இருக்குமென்று. என்ன சொல்லி ஊக்கப்படுத்துவது? நாங்கள் ஓடியோடி ரத்தம் சேர்த்தபோதெல்லாம் அந்த மருந்து ரூம்கள் அப்படியேதான் இருந்தன. சீல் வைத்த அந்தக் கம்பெனியும் அடுத்த சீசனுக்குத் திறந்துவிட்டது. போகாதே என்று அம்மாவிடம் மன்றாடினேன். "வேற எங்கன போக?" என்றாள்.

மாமாவுக்கு ஆக்கிப்போட ஆளில்லை. அம்மா தினமும் சாயங்காலம் தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். சில மாதம் கழித்து ஒருநாள் வாசலிலேயே நிறுத்தி, தலையைக் குனிந்தபடி சொன்னார்:

"கோவிச்சுக்காதீக மதினி. இனிமே கொண்டு வரவேண்டாம். உங்க மேல ஒண்ணுமில்ல. உங்களப் பார்த்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

அம்மா வாளியோடு திரும்பி வந்தாள். தெருவைக் கடக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது. சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, விளக்கைப் போடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் திரும்பவில்லை.

காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனாள்.