மெஷினுக்குள் ஓர் ஆடு

புரதத்தை எடை போடுகிற தொழிலில் இருப்பவர்களுக்கு நாற்காலி எதற்குக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரகடம் போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு மெஷின்தான் இருக்கிறது. புரதத்தை நொதி போட்டுத் துண்டு துண்டாக வெட்டி உள்ளே அனுப்பினால், துண்டுகளின் எடையைப் பார்த்து இன்ன புரதம் என்று சொல்லும். ஒன்பது துறைகளுக்கும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கும் அது பொது. பொறுப்பாளர் நான். அபார்ட்மென்டில் தண்ணீர் மோட்டாருக்குப் பொறுப்பாக இருப்பவர்களே, ஆபீசின் ஒரே பிரிண்டரைக் காவல் காப்பவர்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும். ஓடினால் யாரும் கேட்க மாட்டார்கள், நின்றால் எல்லாரும் நம்மைத்தான் பார்ப்பார்கள்.

லைட் கண்ணடித்தால்

மெஷினுக்குள் காற்றே இருக்கக்கூடாது. பம்ப் இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. யுபிஎஸ் கைவிட்டது, பம்ப் நின்றது, உள்ளே காற்று புகுந்துவிட்டது. மறுபடி வெற்றிடம் வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் பம்ப் பக்கம் ஒரு நடை, யுபிஎஸ் ரூம் பக்கம் ஒரு நடை என்று அலைந்துகொண்டிருந்தேன். வரிசையில் இருந்தவர்களெல்லாம் போன் மேல் போன்.

எலக்ட்ரீஷியன் தனசேகர் முன்பு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தவர். யுபிஎஸ்ஸைச் சரிசெய்தார். அறை சூடாகிறது என்று இரண்டாவதாக ஒரு ஏசியும் மாட்டினார். அது பதினேழு டிகிரியில் சிக்கிக்கொண்டு இறங்கவும் மாட்டேன் ஏறவும் மாட்டேன் என்றது. மெஷினுக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். நான்தான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்க வேண்டியதாயிற்று. கிளம்பும்போது தனசேகர் மெஷினை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்:

"இன்னா மேடம் இது, கம்பெனில லைன் நின்னா ஒரு பட்டனத் தட்டுனா ஓடிடும். உங்க மெஷினு, லைட்டு ஒருவாட்டி கண்ணடிச்சதுக்கு ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீது!"

மாமியார் பார்வை

எங்கள் தொழிலின் ஜென்ம விரோதி கெரட்டின். முடி, தோல், நகம் எல்லாம் அந்தப் புரதம்தான். நெற்றியைச் சொறிந்த விரலோடு குழாயைத் தொட்டால் போதும், ஆராய்ச்சிப் புரதம் அடியில் போய் உங்கள் நெற்றி மேலே வந்துவிடும். அதனால் வாசலிலேயே நிற்க வைத்துச் சோதிப்பேன். தொப்பிக்கு வெளியே ஒரு முடி தெரிந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். இவ்வளவு சோதித்தும் எனக்கு மனம் ஆறாது. கடைசியாக மாதிரியைக் குட்டிக் குப்பியில் மாற்றுவது மட்டும் என் கையால்தான் நடக்கும். யார் கையையும் நம்ப மாட்டேன்.

புதிதாகக் கல்யாணமான தாவரவியல் பெண் ரேவதியை ஒரே காலையில் மூன்று முறை திருப்பி அனுப்பினேன். நான்காவது முறை வந்தவள் சொன்னாள்:

"பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்க மாமியார் என் தலமுடிய இவ்ளோ உத்துப் பாக்கல மேடம்."

கண்ணீர் வசூல்

மண்ணூரிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி ஸ்டெல்லா. அவள் ஆராய்ச்சி வெல்டர்களின் கண்ணீர் பற்றியது. வெல்டிங் வெளிச்சத்திலேயே வேலை செய்கிறவர்களின் கண்ணீரில் என்ன புரதம் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வரும் ஆறு பேரைப் பிடித்து, கீழ் இமையில் சின்னக் காகிதப் பட்டை செருகி, ஐந்து நிமிடம் உட்கார வைத்துச் சேகரித்துவந்தாள். ஆறில் ஒருவர் அவள் அண்ணன்.

பட்டையைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை உறைபெட்டியில் வைத்துவிட்டு மறு பாதியைக் கொண்டுவந்தாள். ஏற்கனவே ஒரு முறை கால நீட்டிப்பு வாங்கியவள். ஈஸ்டர் முடிந்த மறுவாரம் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் ஐந்து வருட உழைப்பு அவ்வளவுதான். இத்தனை கவலையிலும் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க அண்ணன் கேக்குது மேடம், 'எங்க கண்ணுல எதுனால தண்ணி வருதுன்னு தெரிய இவ்ளோ பெரிய மெஷினா? சூப்பர்வைசரக் கேட்டா சொல்லிடப் போறாரு'ன்னு."

தவக்காலத்தில் ஆடு

ஆறு மாதிரியும் ஓடின. திரையில் கெரட்டின் தவிர ஒன்றுமில்லை. கண்ணீர்ப் புரதம் எங்கேயோ அடியில் கிடந்தது. "கையுறை போட்டியா? தலையைத் தொட்டியா?" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால் காய்ச்சி எடுத்துவிட்டேன். மறுபடி கண்ணீர் வாங்கலாம் என்றால், கான்ட்ராக்ட் முடிந்து நான்கு வெல்டர்கள் ஊரைவிட்டே போயிருந்தார்கள். மிச்சம் அந்த உறைபெட்டிப் பாதிகள்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு காகிதத்தோடு வந்தாள். மனிதப் புரதப் பட்டியலோடு மட்டும் ஒப்பிடுவது எங்கள் வழக்கம். அவள் எல்லா விலங்குகளோடும் ஒப்பிட்டிருந்தாள். முதல் வரியில் ஆடு, அதாவது செம்மறி ஆடு. "பிரியாணி சாப்பிட்ட கையோடு வந்தியா?" என்று கத்தினேன். கறியில் கெரட்டின் வராது என்பது எனக்குத் தெரியும், என் கோபத்துக்குத் தெரியவில்லை.

"தவக்காலம் மேடம், நான் கறியே தொடுறதில்ல" என்றாள். பிறகு இரண்டாவது காகிதத்தை நீட்டினாள். நான் யுபிஎஸ் ரூமுக்குப் போயிருந்தபோது வெறும் தண்ணீரைத் தானே ஒரு குப்பியில் ஊற்றியிருக்கிறாள். அதே தண்ணீரை மாதிரி என்று சொல்லி இன்னொரு குப்பியில் ஊற்ற என்னிடம் கொடுத்திருக்கிறாள். அவள் ஊற்றியதில் ஒன்றுமில்லை. நான் ஊற்றியதில் ஆடு. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க ஸ்வெட்டரு கம்பளிதானே?"

ஆறு குப்பி

ஏசி மாட்டிய நாளிலிருந்து மாதிரி கொடுத்த அத்தனை பேருக்கும் அன்றே கடிதம் எழுதினேன். 'உங்கள் முடிவுகளில் இருப்பது என் ஸ்வெட்டர், மன்னிக்கவும்' என்று எழுதும்போது கை கூசியது. ரேவதியிடம் மட்டும் நேரில் போய்ச் சொன்னேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் ஸ்டெல்லாவின் மிச்சப் பாதிகள் ஓடின. ஸ்வெட்டர் வீட்டில். குப்பியில் ஊற்றியது அவள். நான் கையைக் கட்டிக்கொண்டு, சொல்லப்போனால் கையை அக்குளில் வைத்துக்கொண்டு, பதினேழு டிகிரியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஒரு குப்பிக்கு ஒரு மணி நேரம். வெளியே கன்டெய்னர் லாரி போனால் நிற்பேன், லைட்டைப் பார்ப்பேன், மறுபடி நடப்பேன். மூன்றாவது குப்பியில் கரண்ட் ஒரு நொடி போனது, என் உயிரும் கூடவே போனது. தனசேகரின் யுபிஎஸ் தாங்கிவிட்டது.

முதல் குப்பியின் முடிவு திரையில் வந்தபோது நான்காவது ஓடிக்கொண்டிருந்தது. கண்ணீரில் இருக்க வேண்டிய புரதங்கள் வரிசையாக மேலே இருந்தன. ஆடு இல்லை. அத்தனை பேர் முன்னால் இந்தப் பெண்ணைக் காய்ச்சினேனே என்ற வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து, மீதிக் குப்பிகள் இருந்த தட்டுக்கு மேலேயே குனிந்து அழ ஆரம்பித்துவிட்டேன். ஸ்டெல்லா மெதுவாக என் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

"தள்ளி நின்னு அழுங்க மேடம், ஆறு பேரு கண்ணீருதான் கணக்கு, ஏழாவதா உங்களுது சேந்துடப் போவுது."

எந்தப் புரதம் யாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம், என்னுடையதைக் கண்டுபிடிக்க மட்டும் நான் திட்டிய பெண்ணே வர வேண்டியிருந்தது.