வெர்ணாவின் வியாழக்கிழமைகள்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வெர்ணா மெக்கில்ராயின் பிக்கப் வண்டி சரிவிலிருந்து இறங்கினால், அதன் பின்தட்டில் இருப்பது என்ன என்று அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நீலத் தொட்டி, அதற்குள் ஒரு வாரத்துக் கழிவு. பதினோரு மைல் தள்ளி, ஊர் முனையில் இருக்கும் பெட்ரோல் பங்க்கின் பின்புறம், டிரெய்லர் எனும் சக்கர வீடுகளில் குடியிருப்பவர்கள் கொட்டுவதற்கென்றே தரையில் ஒரு குழாய் வாய் வைத்திருக்கிறார்கள். அங்கே கொட்டி, தொட்டியை அலசி, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, எதிரே இருக்கும் கடையில், அந்த ஊரில் பிஸ்கட் என்று சொல்லும் மெத்தென்ற ரொட்டியும் கிரேவியும் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவாள். மழையோ பனியோ, இந்த வரிசை மாறாது.

"அதைக் கொட்டிட்டு வந்து எப்படிங்க சாப்பாடு இறங்குது?" என்று பரிமாறுகிற பெண் ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"உனக்கும் போகுது, எனக்கும் போகுது. என்னுதுக்கு நான் டிரைவர் வேலையும் பாக்கறேன், அவ்வளவுதான். கொஞ்சம் காபி ஊத்து."

டிரைவர் வேலை அவளுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில், வடக்கு ஐடஹோவின் அந்த மலைச்சாலைகளில் இருபத்தொன்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே, கடைசி வரிசையில் எவன் எவனைக் கிள்ளுகிறான் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். தப்பு செய்தவனுக்குப் புகார்ச்சீட்டு எழுதாமல் விட்டதே இல்லை. அழுதாலும் எழுதுவாள். எழுதிவிட்டுத் துடைக்கக் காகிதம் கொடுப்பாள்.

பிறந்ததிலிருந்து வாடகை வீடுதான். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு, வேலையையும் விட்ட பிறகு, பைன் மரங்களோடு ஐந்து ஏக்கர் வாங்கி, இருபத்தாறு அடி டிரெய்லர் ஒன்றை இழுத்துவந்து நிறுத்தினாள். அப்போது வயது அறுபத்து மூன்று. முதல் நாள் காலையில் கதவைத் திறந்து தன் பேரில் உள்ள மண்ணில் கால் வைத்தபோது அழுதாள். அதை யாரிடமும் மறைத்ததில்லை.

அந்த மண்தான் அவள் காலை வாரிவிட்டது. செப்டிக் டேங்க் போடாமல் சொந்த நிலமானாலும் டிரெய்லரில் மூன்று வருடத்துக்கு மேல் குடியிருக்க அந்தக் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், அனுமதி இல்லை. செப்டிக் போட வேண்டுமென்றால், டேங்கிலிருந்து வழியும் தண்ணீரை மண் குடிக்க வேண்டும். குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமாவது இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். வெர்ணாவின் நிலம் சுத்தக் களிமண். ஊற்றிய தண்ணீரில் முகம் பார்க்கலாம்.

சோதிக்க வந்தவள் லினெட் ஓகார்ட். ஒரு காலத்தில் வெர்ணாவின் பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வந்த சிறுமி, இப்போது கவுண்டி சுகாதார அலுவலகத்தில் அதிகாரி.

"கால் அங்குலம்கூட இறங்கலை, மிஸ் வெர்ணா."

"இன்னும் கொஞ்ச நேரம் பாரேன்."

"சாயங்காலம் வரைக்கும் வேணா பாக்கறேன். மண்ணு மாறாதே."

அடுத்த வருடம் வேறு மூலையில் தோண்டினார்கள். அங்கும் அதே கதை. மூன்றாவது வருடம் அக்டோபர் கடைசியோடு கெடு முடிகிறது. வெர்ணா ஊருக்குள் இருக்கும் டிரெய்லர் பார்க்கில் போய் இடம் பார்த்துவிட்டு வந்தாள். நெடுஞ்சாலைக்கும் துணி துவைக்கும் கடைக்கும் நடுவே, பதினாலாம் நம்பர். அன்று அவள் பிஸ்கட் சாப்பிடவில்லை.

சரிவில் அவள் நிலத்துக்குக் கீழே இருந்த நிலத்தை அந்த வருடம் ஜூன் மாதம் வாங்கியவன் ஓரின் ஸ்டைப். மர அறுவை மில்லில் வேலை, நாற்பது வயது, தனி ஆள், பழைய டிரெய்லர். சாலையில் எதிர்ப்பட்டால் கை அசைப்பதோடு சரி. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெர்ணாவின் படிக்கு முன்னால் வந்து நின்றான்.

"மேடம், ஒரு சின்னப் பிரச்சனை. என் டாய்லெட்டுல... எதுவும் கீழ இறங்க மாட்டேங்குது."

"வால்வைத் திறந்து பாத்தியா?"

"அது எப்பவுமே திறந்துதான் இருக்கு. நான் மூடினதே இல்லையே."

வெர்ணா கண்ணை மூடிக்கொண்டாள். டிரெய்லருக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு இது. திறந்தே கிடந்தால் நல்லதுதானே என்று நினைப்பார்கள். டிரெய்லருக்கு அடியிலிருக்கும் கழிவுத் தொட்டியிலிருந்து நீர் மட்டும் ஓடிப்போகும். மற்றது தொட்டியிலேயே தங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் காய்ந்து, குன்றாக நின்றுவிடும். வால்வை மூடி வைத்து, தொட்டி முக்கால் நிரம்பிய பிறகு ஒரேயடியாகத் திறந்தால்தான் தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும்.

"ஜூன்லேருந்தா?"

"ஆமா."

"நல்லவேளை தனி ஆளா வந்தே. குடும்பத்தோட வந்திருந்தா இந்நேரம் கூரையைத் தொட்டிருக்கும்."

போய்ப் பார்த்தாள். வால்விலிருந்து கிளம்பிய குழாய் எங்கே போகிறது என்று அதன் கூடவே நடந்தாள். அது புதருக்குள் போய், பலகை போட்டு மூடிய ஒரு குழியில் முடிந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"பூனையா நீ, தோண்டி மூடறதுக்கு? மூணு வருஷமா நான் வாராவாரம் சுமந்துட்டுப் போய்க் கொட்டறேன், உனக்கு மட்டும் காடு என்ன கக்கூஸா? மண்ணுக்குள்ள போறது யார் கிணத்துக்குப் போகும்னு யோசிச்சியா?"

ஓரின் காது வரை சிவந்துபோனான். "தப்புதான் மேடம். குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவற தண்ணி எல்லாம் இதுலதான் விட்டேன். குழி நிரம்பினா வேற ஏற்பாடு பண்ணலாம்னு இருந்தேன். அது நிரம்பவே இல்லை."

அடுத்த வசவுக்குத் திறந்த வாய் அப்படியே நின்றது.

"நிரம்பலையா?"

அவளே பலகையைத் தூக்கிப் பார்த்தாள். கோடை முழுவதும் ஒரு மனிதன் குளித்த தண்ணீர் அதில் விழுந்திருக்கிறது. அடியில் ஈரம் மட்டும்தான். பக்கத்தில் அள்ளிக் குவித்திருந்த மண்ணைக் குனிந்து எடுத்தாள். விரலிடுக்கில் சரசரவென்று உதிர்ந்தது. மணலும் சரளையும், களிமண் பொட்டுக்கூட இல்லை.

முதலில் அவன் தொட்டியைக் கவனித்தாள். வால்வை மூடச் சொல்லி, நாற்பது வாளி தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டாள். செவ்வாய்க்கிழமை இரண்டு பை ஐஸ்கட்டியையும் உள்ளே கொட்டி, டிரெய்லரைத் தன் பிக்கப்பில் மாட்டி, அந்தப் பகுதியிலேயே மோசமான சரளைச் சாலையாகப் பார்த்து ஓட்டினாள். மற்றவர்கள் தார்ச்சாலையைத் தேடிப் போவார்கள்; அவள் பள்ளத்தைத் தேடித் தேடி இறக்கினாள்.

"மேடம், கொஞ்சம் மெதுவா..."

"பேசாம உக்காரு. குலுங்கினாத்தான் கரையும். சீட்டைப் பிடிச்சுக்க."

பங்க்கின் பின்புறம் வால்வை இழுத்ததும், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்றுவிடாமல் வந்து விழுந்தது. ஓரின் தொப்பியை ஆட்டிக் கூவினான். வெர்ணா கையைக் கழுவிவிட்டு அவனை எதிர்க்கடைக்கு அழைத்துப்போய், பிஸ்கட் வந்த பிறகு கேட்டாள்.

"உன் நிலத்துல ஒரு மூலை எனக்கு வேணும். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே செப்டிக். என் மண்ணு குடிக்காது, உன்னுது குடிக்கும். இல்லேன்னா அடுத்த மாசக் கடைசியில நான் கிளம்பணும். எனக்குக் கிளம்ப மனசில்லை ஓரின்."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "இடம் தரேன், அதுல ஒண்ணுமில்லை. ஆனா அந்தக் குழியைப் பாத்தா என்னைக் கிளப்பிடுவாங்களே? மூடிட்டு, சொல்லாம இருந்துடலாமே?"

"மூடறது இன்னிக்கே மூடணும். நாமளா அவகிட்ட ஓடிப் போய்ச் சொல்ல வேண்டாம். ஆனா கேட்டா சொல்லிடுவேன். இருபத்தொன்பது வருஷம் பொய் சொல்லாதீங்கன்னு அந்தப் பிள்ளைங்களைப் பாத்துக் கத்தியிருக்கேன். அதுல ஒருத்திதான் வரப் போறா."

ஓரின் காபியை ஓரமாக நகர்த்தினான். "அப்ப கேக்கக் கூடாதுன்னு வேண்டிக்கறேன்," என்றான்.

அக்டோபர் இரண்டாம் வாரம் லினெட் வந்தாள். பழைய குழியைச் சுண்ணாம்பு போட்டு மூடி, அதிலிருந்து தள்ளிப் புதிதாகத் தோண்டியிருந்தார்கள். தண்ணீர் ஊற்றிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடத்தில் ஓர் அங்குலம் இறங்கிவிட்டது.

"அருமையான மண்ணு, மிஸ் வெர்ணா. இந்த இடம்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ஓரின் மரத்தைப் பார்த்தான். வெர்ணா சுண்ணாம்பு போட்ட இடத்தைக் கைநீட்டிக் காட்டினாள்.

"அந்த வெள்ளையாத் தெரியுதே, அங்க ஒரு குழி இருந்தது. மூணு மாசம் அதுல விட்டிருக்கான். போன மாசம்தான் எனக்குத் தெரியும். மூடிட்டோம்."

லினெட் போய்ப் பார்த்தாள். காலால் மண்ணை அழுத்தினாள்.

"எழுத வேண்டியதை எழுதித்தான் ஆகணும்."

"எழுது. நானும் அப்படித்தானே எழுதினேன்."

எழுதினாள். ஓரினுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், மூடிய குழியை மறுபடி சோதிக்கும் தேதி. அதற்கு அடுத்த தாளில் இருவர் பெயரிலும் செப்டிக் அனுமதி. வேலை முடிகிறவரை வெர்ணா இருந்த இடத்திலேயே இருக்கலாம். கடிதத்தை வாங்கிய ஓரினின் கண் கலங்கியிருந்தது. லினெட் பையில் துழாவி ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"துடைச்சுக்கங்க. இது இவங்ககிட்ட கத்துக்கிட்டது."

பனி கரைந்து, மே மாதம் தோண்டும் இயந்திரம் வந்து, டேங்க் இறங்கி, வெர்ணாவின் டிரெய்லரிலிருந்து கீழ் நிலம் வரை குழாய் புதைத்தார்கள். முதல் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் தொட்டி வால்வை இழுத்தாள். எல்லாம் சலசலவென்று தானாகவே சரிவில் இறங்கிப் போகும் சத்தத்தைப் படியில் உட்கார்ந்து கேட்டாள். மறுபடியும் அழுதாள். இனி யாரும் அவளை இங்கிருந்து கிளப்ப முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெறும் வண்டியோடு ஊருக்குப் போனாள்.

"தொட்டி எங்கேங்க?" என்றாள் பரிமாறுகிறவள்.

"அதுக்கு ரிட்டயர்மென்ட் ஆயிடுச்சு. இன்னொரு பிஸ்கட் வை."

ஒரு வாரம் கழித்து, அடுத்த வியாழக்கிழமை அதே கடையிலிருந்து அவள் திரும்பியபோது, டிரெய்லரின் பக்கவாட்டில் ஓரின் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு.

"மேடம், ஒரு சின்னக் கேள்வி. போன வியாழக்கிழமை திறந்தீங்களே, வால்வு... அதை மூடினீங்களா?"

வெர்ணா வண்டிக்கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டு, அறுபத்தாறு வயதில், பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை மாதிரி ஓடினாள்.