தொண்டைக்குக் காவலிருந்த காலை

எங்கள் ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. கொடைக்கானலுக்கும் மேலே, சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூண்டு போடுகிற ஊர் எங்களுடையது. இந்தத் தோட்டத்தில் நின்றுகொண்டு எதிர்ச் சரிவில் இருப்பவரைக் கூப்பிடச் செல்போனை நம்ப முடியாது. சிக்னல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கூவித்தான் ஆக வேண்டும். நான் கூவினால் அங்கே தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பவர் மண்வெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்கூடத் தங்கள் ஆளைக் கூப்பிட என்னிடம்தான் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் ஒரு காலை முழுக்க வாயைத் திறக்காமல் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன்.

குரல் கொடுப்பது எனக்கு இன்னொரு சோலி. பழனியில் ஒரு கடைக்கு மேலே, மாடியில் சின்ன ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது. ஜவுளிக்கடை விளம்பரம், பள்ளிப் பாடம், எது வந்தாலும் போய்ப் பேசிவிட்டு வருவேன். அங்கே எனக்கு ஜோடியாகப் பேசுகிற ஓர் அண்ணன் உண்டு. உடன்பிறந்தவர் இல்லை, தொழிலில் கிடைத்த அண்ணன். ஒரு காலத்தில் பாதயாத்திரைக் கூட்டம் வரும் நாட்களில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விளம்பரம் சொன்னவர். பிறகு கழுத்தில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, குரல்தான் பாதியாகிப்போனது. காலையில் எழுந்ததும் பேசாமல் வைத்திருந்தால் ஒரு மணி நேரம் பழையபடி கணீரென்று நிற்கும். அதற்கப்புறம் கரகரத்து உடைந்துவிடும். சேதி பரவியதும் அவரை யாரும் கூப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு தயாரிப்பாளர் வந்தார். செல்போனில் கேட்கிற ஒலித்தொடர் ஒன்று. ஓர் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதுதான் கதை முழுக்க. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒன்றாகத்தான் பதிவுசெய்வேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். முதல் பகுதி நன்றாக வந்துவிட்டால் பல மாதத்துக்கு எங்களுக்கு வேலை. அண்ணனின் தொண்டை விவகாரத்தை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. பகுதி சின்னதுதான், காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் அவருடைய நல்ல நேரத்துக்குள் முடிந்துவிடும். இதுதான் எங்கள் கணக்கு.

தயாரிப்பாளர் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து யாரும் பேசக் கூடாது, சத்தம் கூடவே கூடாது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வீட்டில் எல்லாம் சைகைதான். மாமியாருக்கு அன்றைக்குப் பரம சந்தோஷம்.

மறுநாள் வெள்ளனே, கொழுந்தனார் ஜீப்பில் பூண்டு மூட்டைகளோடு கிளம்பினேன். தலையைச் சுற்றி மப்ளர், மடியில் பிளாஸ்கில் வெந்நீர். கொடைக்கானல் தாண்டி, பெருமாள்மலையில் பழனிச் சாலைக்குத் திரும்பியபோது நேரம் தாராளமாகக் கையில் இருந்தது. பாதி மலை இறங்கிய பிறகு, ஒரு வளைவில் ஜீப் நின்றது.

கீழேயிருந்து வந்த சுற்றுலா வேனும் மேலிருந்து இறங்கிய காய்கறி லாரியும் வளைவின் நடுவே முகத்தோடு முகம் நின்றன. வேனால் பின்னால் போக முடியவில்லை. அதற்குப் பின்னால் வந்த கார்கள் எல்லாம் முட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட்டிருந்தன. கடைசியில் நிற்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அவர்கள் வளைவுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேர் கீழே நின்றார்கள். மேலே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கொழுந்தனார் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "மதினி, எறங்கி ஒரு சத்தம் போடுங்க. கீழ நிக்கிறவனுக்கு ஒண்ணுமே தெரியல. நீங்க கூப்பிட்டா அடிவாரம் வரைக்கும் கேக்கும்ல."

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன்.

"ஒரே ஒரு தடவதான் மதினி. வெரசா போயிரலாம்."

மறுபடியும் ஆட்டினேன்.

"அப்ப சரி. இங்கனயே அடுப்பக் கூட்டிச் சோறு பொங்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, அவரே ஓரத்துச் சுவரில் ஏறி நின்று கத்தினார். பாவம், அவர் குரல் எங்கள் வீட்டுக் கோழிக்கே கேட்காது.

வேனிலிருந்து இறங்கியவர்கள் சுவரோரம் நின்று விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் ஜீப்புக்குள் தலையை நீட்டி, "அக்கா, இங்க பக்கத்துல டீ கிடைக்குமா?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் அவருக்கு டீ, வடை எல்லாம் சேர்த்தே கிடைத்திருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெந்நீரைக் குடித்தேன். ஒலிப்பதிவுக்கூடத்துக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தேன். போகவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி மேட்டில் கொஞ்ச தூரம் நடந்தேன். அங்கும் போகவில்லை. ஒன்பது மணி அங்கேயே கழிந்தது. அண்ணன் இந்நேரம் வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார், எப்படியும் அவர் குரலும் பத்திரமாக இருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். கடைசியில் ஒரு பேருந்து ஓட்டுநர் கீழே இறங்கி நடந்து, ஒவ்வொரு வண்டியாகத் தட்டிப் பின்னால் எடுக்கவைத்தார். அதற்குள் வெயில் ஏறிவிட்டது.

அடிவாரத்தை நெருங்கியதும் செல்போன் உயிர்பெற்றது. ஒலிப்பதிவாளரின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. எங்க இருக்கீங்க? சார் கோபமா இருக்கார். சார் கிளம்புறேங்கிறார். கடைசிச் செய்தியில், 'பயப்படாதீங்க, அண்ணன் சாரை நிறுத்தி வெச்சு பேசிக்கிட்டே இருக்கார்' என்று இருந்தது.

முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. அடுத்த நிமிடமே அந்தச் செய்தியை மறுபடி படித்தேன். பேசிக்கொண்டே இருக்கிறாரா?

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். கதவுக்கு வெளியிலேயே தயாரிப்பாளரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே அண்ணன் நின்றுகொண்டு, ஒரு கடையின் விளம்பரத்தை எதிர்க்கடை வாசலில் போய்ச் சொல்லி அடிவாங்க இருந்த கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். குரலின் ஓரமெல்லாம் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தி, தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"மேடம், நான் எப்பவோ கிளம்பியிருப்பேன். இவர்தான் விடல" என்றார் தயாரிப்பாளர்.

"மன்னிச்சிருங்க சார், மலையில அடைச்சிருச்சு" என்றேன். முந்தின சாயங்காலத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அது. கழுவித் துடைத்த வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியதுபோல் வந்தது குரல். எனக்கே கூச்சமாக இருந்தது.

பதிவு ஆரம்பித்தது. முதல் பக்கத்தை அண்ணன் எப்படியோ தம் பிடித்துக் கடந்தார். இரண்டாம் பக்கத்தில், மகளைத் தேற்றுகிற இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி எடுத்தோம். மறுபடி உடைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளரின் முகம் மாறுவது தெரிந்தது. பிறகு எங்கள் காதில் அவர் குரல் வந்தது.

"அண்ணே, நீங்க வெளிய ரெஸ்ட் எடுங்க. மேடம் பேசுற பகுதியை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கறேன். அப்பா கேரக்டருக்குச் சென்னைல ஆள் இருக்காங்க."

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி, ஒயரை அழகாகச் சுற்றி மாட்டினார். என்னைப் பார்த்து, நீ பேசு என்பதுபோல் கையைக் காட்டிவிட்டுப் போனார். மலையில் இரண்டு வார்த்தை செலவழிக்க மனசில்லாமல் நான் காவல்காத்த குரல் அப்படியே முழுசாக இருக்கிறது. எனக்காகத் தன்னிடமிருந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தவர் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

"ரெண்டு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். எதிரே மலை முழுதாகத் தெரிந்தது. இடுப்பில் கையை ஊன்றி நின்று, அடிவயிற்றிலிருந்து கூவினேன்.

"ஏ... பின்னாடி எடு! வண்டியப் பின்னாடி எடு! கீழ நிக்கிறவங்க எல்லாம் பின்னாடி எடுங்க!"

திரும்பத் திரும்பக் கூவினேன். தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஓர் ஆட்டோக்காரர் நிஜமாகவே வண்டியைப் பின்னால் எடுத்தார். தொண்டை எரிந்து, காற்று மட்டும் வருகிற வரைக்கும் விடவில்லை.

கீழே வந்து மைக் முன்னால் உட்கார்ந்தேன். என் முதல் வசனத்தைச் சொன்னேன். காக்காய்கூட அதைவிட நன்றாகச் சொல்லியிருக்கும்.

தயாரிப்பாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "என்ன மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சார், இன்னைக்கு எனக்கும் தொண்டை இல்ல, அவருக்கும் இல்ல" என்றேன், வந்த குரலில். "நாளைக்கு வெள்ளனே ரெண்டு பேரும் வந்து நிப்போம். சேத்தே எடுங்க. மாத்துறதுன்னா ரெண்டு பேரையும் மாத்திக்கங்க."

சொல்லிவிட்டேன். சரி கிளம்புங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் இரண்டு குடும்பத்தின் பிழைப்பிலும் மண் விழுந்திருக்கும். அவர் என்னையே பார்த்தார். ஏதோ திட்ட வாயெடுத்து, விட்டுவிட்டார். பிறகு ஒலிப்பதிவாளரிடம் திரும்பி, "நாளைக்குக் காலைல ரூம் ஃப்ரீயா?" என்று கேட்டார்.

நானும் கொழுந்தனாரும் மலை ஏறவில்லை. பழனியிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை, கூடம் திறக்கும் முன்பே அண்ணனும் நானும் கொழுந்தனாரும் எதிர் டீக்கடையில் இருந்தோம். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. பேச ஆள் இல்லாத கொழுந்தனார், முந்தின நாள் மலையில் நடந்ததை எல்லாம், தான் கெஞ்சியது, நான் தலையை ஆட்டியது உட்பட, அண்ணனிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தார். அண்ணன் டீயைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் பேருந்து நிலையத்தின் பக்கம் பார்த்தேன்.

என் குரல் முழுசாகத் திரும்பியிருக்கவில்லை, ஆனால் போதுமாக இருந்தது. அவர் குரல் கணீரென்று நின்றது. நல்ல நேரம் முடிவதற்குள் கடைசிப் பக்கத்தையும் முடித்துவிட்டோம். தயாரிப்பாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். அண்ணன் ஹெட்போனைக் கழற்றி ஒயரைச் சுற்றினார். கரகரக்கத் தொடங்கியிருந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நேத்து மொட்டை மாடியில போட்ட சத்தத்த மலையிலயே போட்டிருக்கலாமே தாயி."