அண்ணனின் மடங்கிய சுண்டுவிரல்

காற்று எங்கள் தெருப் பக்கம் திரும்பினால் போதும், ஆம்பூர் தோல் ஷாப்புகளில் பதனிடும் தோலின் நாற்றம் வீட்டுக்குள் வந்துவிடும். அதோடு கருப்பு மையின் வாடையும் சேரும்... அறுபதுகளில் எங்கள் வீட்டின் வாசனை அதுதான்.

என் அண்ணன் மெட்ராஸ் பத்திரிகைகளுக்குப் படக்கதை வரைந்தவர். ராஜா கதை, துப்பறியும் கதை, பேய்க்கதை... எதைக் கேட்டாலும் கை ஓயாமல் வரைவார். கோடுகளை அவர் மையில் இழுத்துத் தருவார், கருப்பு அடிக்க வேண்டிய இடத்தையெல்லாம் நான் நிரப்ப வேண்டும். கதையில் இரவு வந்தால் எனக்குத்தான் பேஜார்!

சின்ன வயதில் தோல் ஷாப்பில் தோலைப் போட்டுச் சுற்றும் டிரம்மில் மாட்டி அவருடைய இடது சுண்டுவிரல் மடங்கியே போயிருந்தது. கை வரைய வேண்டுமென்றால் அந்தக் கையைப் பார்த்துத்தான் வரைவார். அதனால் அவர் படத்தில் எல்லாருக்கும் மடங்கிய விரல்.

"இன்னாண்ணா இது, மகாராணி கூட தோல் ஷாப்புல வேல செஞ்சாளா?"

"எங்கையில இருக்கறதுதான வரும்? வாய் ஜாஸ்தி ஆய்டுச்சு உனக்கு. கருப்ப அடி" என்று சிரிப்பார்.

அவருக்கு ஒரே ஒரு ஏக்கம். இத்தனை வரைந்தும் எந்தப் பத்திரிகையும் அவர் பெயரைப் போட்டதில்லை. கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பத்திரிகையில் தீபாவளி மலரில் போடுவதாகச் சொன்னார்கள்.

"பாருமா, இந்த தீவாளிக்கு எம்பேரு வருது" என்று இருமிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

அந்தக் கதை பாதியில் இருக்கும்போதே, ஆவணியில், அந்த இருமல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

துக்க வீடு, எங்களுக்குத் தீபாவளி இல்லை. மலர் மட்டும் வந்தது.

"பேரு போட்டுக்கீறாங்களா, பாருடி" என்றாள் அம்மா. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

போட்டிருந்தார்கள். வேறு யாரோ ஒருவர் பெயர். அதே கதாநாயகன், அதே வாள்... வாளைப் பிடித்த கையில் அதே மடங்கிய சுண்டுவிரல். பாவி, அதைக்கூட விடாமல் பார்த்து வரைந்திருந்தான்!

"ஆமாம்மா, போட்டிருக்காங்க."

அம்மா அந்த எழுத்துகளைத் தடவித் தடவி அழுதாள்.

இப்போதெல்லாம் தட்டில் இருக்கும் பிரியாணியைப் படம் எடுத்தால்கூட ஓரத்தில் பெயர் போட்டுக்கொள்கிறார்கள். நேற்று ஃபேஸ்புக்கில், பழைய படக்கதைக் குழு ஒன்றில், அந்த மலரின் பக்கத்தை ஒருவர் போட்டிருந்தார். 'விரலை மடக்கி வரைவது இவருடைய தனி முத்திரை' என்று எழுதி, கீழே அச்சாகியிருந்த பெயரைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்.

அம்மா தடவிய அதே பெயர்.