நான் கொடுத்த ஐந்து நட்சத்திரம்

தம்பானூரிலிருந்து வெளிவரும் சிறிய சுற்றுலாக் கையேட்டுக்காக இடங்களை நேரில் பார்த்து மதிப்பிடுவது என் வேலை. காட்சி, அமைதி, சுத்தம் எல்லாம் பார்த்துத்தான் போனக்காடு என்ற மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.

அதைப் படித்துவிட்டு, எங்கள் ஊர் சாலைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் மனைவியுடன் அங்கே போனார். மலையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. போனில் சிக்னல் இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீங்க எழுதினதெல்லாம் சரிதான், சாரே. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு மட்டும் எழுதல்லை," என்றார்.



இப்போது எந்த இடத்துக்குப் போனாலும், அங்கிருந்து பக்கத்து மருத்துவமனை வரை நேரம் பார்த்து வண்டி ஓட்டிப் போகிறேன். அந்த நேரத்தை முதல் வரியில் எழுதிய பிறகுதான் மற்றதை எழுதுகிறேன்.