வரலட்சுமி விட்ட பால்

வரலட்சுமியைப் போலப் பயந்தாங்கொள்ளியும் கிடையாது, துணிச்சல்காரியும் கிடையாது. நான் கோவர்த்தனன், திருப்பதியில் அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் சரக்கை ஐஸில் வைத்துக் கட்டி அனுப்புகிறவன். கூடவே இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

சத்தியவேடு பக்கத்துப் பெண். அப்பா முனிகிருஷ்ணன் கூலி வேலை செய்தே அவளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தார். அவளோடு படித்தவர்களெல்லாம் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிரேமலதா மேடம் இங்கே ஆய்வுக்கூடம் திறந்ததும் இவள் வந்து சேர்ந்துகொண்டாள். முதல் சரக்கு நன்றாக வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பா செல்போன் ஃபேக்டரி ஒன்றில் சொல்லி வைத்திருந்தார். அவளுக்கோ அந்தப் பேச்சே வேப்பங்காய்.

சரக்கு என்றால் மனித உடம்பில் இருக்கும் லெக்டின் என்கிற புரதம். அதற்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தப் புரதத்தைப் பாக்டீரியாவையே செய்ய வைப்பார்கள். ஆராய்ச்சிக்கு மட்டும்தான், மருந்து இல்லை. இந்த லெக்டினுக்குப் பால் சர்க்கரை என்றால் உயிர். பாக்டீரியாவை உடைத்த சாற்றை, அந்தச் சர்க்கரை பூசிய மணிகள் நிறைந்த குழாயில் விட்டால் லெக்டின் மட்டும் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் ஓடிவிடும்.

முதல் சரக்கு எடுத்த அன்றைக்கு லெக்டினும் சேர்ந்து ஓடிவிட்டது. வெளிநாட்டு மணிகள் கெட்டவை என்று மேடம் விற்றவனுக்குப் போன் போடப் போனார். வரலட்சுமி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி மணிகளோடு போயிருக்கும்.

“மணிங்க மேல தப்பில்ல மேடம். எங்க ஊர்ல புதுசா எது ஆரம்பிச்சாலும் மொதல்ல பால் உடுவோம். சாறுல நான்தான் பால் உட்டேன்” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போர்வெல் போடும் இடத்தில் பால் விட்டுப் பழகிய கை, இத்தனை படித்தும் சும்மா இருக்கவில்லை பாருங்கள்! பாலில் இருந்த சர்க்கரையை முதலிலேயே பிடித்துக்கொண்ட லெக்டின், மணிகளைத் திரும்பிப் பார்க்குமா?

மேடம் போனைக் கீழே வைத்தார். பிறகு, ஓடிவந்த சாறு எங்கே என்று மட்டும் கேட்டார். நல்லவேளை, வரலட்சுமி அதைக் கொட்டவில்லை. இருவரும் அதை, சர்க்கரை மட்டும் கசிந்து வெளியேறும் சவ்வுப் பையில் கட்டி உப்புநீரில் தொங்கவிட்டு, நீரை மாற்றி மாற்றிச் சர்க்கரையை வெளியேற்றினார்கள். மறுநாள் குழாயில் விட்டதும் லெக்டின் சமத்தாக ஒட்டிக்கொண்டது. அவள் அழுதேவிட்டாள். நான் ஐஸ் பெட்டியைத் தயார் செய்யப் போனேன்.

முந்தின நாள் அவள் அழுதுகொண்டே போன் செய்ததில், அவளைக் கூட்டிப்போக அப்பா வந்து நின்றார். தப்பை மறைக்காத ஆள்தான் தனக்கு வேண்டும், இவளை அனுப்ப மாட்டேன் என்று மேடம் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. மகள் நீட்டிய சின்னக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

“இது மனுஷன் ஒடம்புல இருக்கறதுன்றியே, என்னுதுலயும் இருக்குதா?”

“இருக்குது நைனா. உன்னுதுல இருக்கறதத்தான் நான் இங்க செய்யறேன்.”

அவர் குப்பியை இரண்டு கைகளாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். “அப்ப நீ இங்கியே இரும்மா” என்று சொல்லிவிட்டு, தனியாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.